கப்பைக் கழற்றிய நேரம் 4.02: தோள் சிக்கிப் பிறந்த ஒரு குழந்தையும் குடும்பம் போன சட்ட வழியும்

இருபது வருடத்துக்கு மேல் பிரசவ அறையில் நர்ஸாக இருந்தவள் நான். இப்போது வக்கீல்களுக்காகக் கேஸ் ஷீட்டுகளைப் படித்து, என்ன எப்போது நடந்தது என்று மணி வாரியாக எழுதிக் கொடுக்கிறேன். இந்த வழக்கில் குடும்பத்தின் பக்கம் வேலை செய்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி நாடு, ஊர், மருத்துவமனை, தேதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மணிக்கணக்கை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். வழக்கே அதில்தான் நின்றது.

பின்னணி

தாய்க்கு அப்போது 31 வயது, இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை 3.9 கிலோ, சுகப்பிரசவம். அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் ‘தோள் வெளிவரச் சற்றுச் சிரமம்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது முறை வேறு மருத்துவமனைக்குப் போனார். அங்கே பதிவு அட்டையில் ‘முந்தைய பிரசவம்: நார்மல்’ என்று ஏறியது. பழைய சம்மரியை இவர் காட்டினாரா, காட்டியும் அவர்கள் பார்க்கவில்லையா என்பதில் கடைசி வரை இரண்டு தரப்பும் ஒத்துப்போகவே இல்லை.

26ஆவது வாரத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, அப்புறம் மாத்திரை. 38ஆவது வார ஸ்கேனில் குழந்தையின் எடை சுமார் 4.1 கிலோ என்று வந்தது. வயிற்றுச் சுற்றளவு அந்த வாரத்துக்கு இருக்கவேண்டியதைவிட நன்றாகவே கூடுதல். சர்க்கரை உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தலையைவிடத் தோளும் உடம்பும்தான் பருத்துப்போகும். அதனால் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிரசவ அறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

அந்த ஸ்கேனைப் பார்த்துத் தகப்பன் கேட்டிருக்கிறார்: “டாக்டர், குழந்தை பெரிசா இருக்குன்னு போட்டிருக்கே, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?” அதற்கு, “மொதல் குழந்தை நார்மலாத்தானே பொறந்தது? இதுவும் பொறக்கும், பயப்படாதீங்க” என்று பதில். இது தகப்பன் சொல்வது. கேஸ் ஷீட்டில் அன்றைய பதிவு ஒரே வரி: ‘நார்மலுக்கு முயற்சி; 39 வாரத்தில் வலி வரவைத்தல்.’ தகப்பன் கேட்டதும் அதில் இல்லை, டாக்டர் சொன்னதும் இல்லை.

பிரசவ இரவு

39 வாரம் 2 நாளில் வலி வர மருந்து ஏற்றினார்கள். இரவு 1.35க்குக் கருப்பை வாய் முழுதாகத் திறந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் முக்கியும் தலை இறங்கி வரவில்லை. 3.49க்கு, குழந்தையின் தலையில் உறிஞ்சிப் பிடித்து இழுக்க உதவும் வாக்யூம் கப் பொருத்தினார்கள். மூன்று இழுப்பில் தலை வந்தது. வந்த தலை, ஆமை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதைப்போலத் தாயின் உடம்போடு ஒட்டிப் பின்வாங்கியது. ஷோல்டர் டிஸ்டோசியா எனப்படும் தோள் சிக்கலின் முதல் அடையாளம் இதுதான். குழந்தையின் மேல்பக்கத் தோள் தாயின் முன் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது என்ன என்பது தெளிவாகவே வகுக்கப்பட்டது. இழுப்பதை நிறுத்த வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும், ஒருவர் மணி பார்த்து எழுத வேண்டும். தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு மடக்க வேண்டும். இதற்கு மெக்ராபர்ட்ஸ் என்று பெயர், பெரும்பாலான சிக்கல்கள் இதிலேயே விடுபட்டுவிடும். கூடவே, முன் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தி, மாட்டிய தோளைச் சாய்த்து நகர்த்த வேண்டும். அதற்கும் வராவிட்டால் கையை உள்ளே விட்டுத் தோளைத் திருப்புவது, அல்லது குழந்தையின் பின்பக்கக் கையை, அதாவது தாயின் முதுகுப் பக்கமாக இருக்கும் கையைப் பிடித்து முதலில் வெளியே எடுப்பது. செய்யக்கூடாதவை இரண்டு: தலையைப் பக்கவாட்டில் வளைத்து வலுவாக இழுப்பது, மேல்வயிற்றில் கைவைத்துக் கீழே தள்ளுவது. இரண்டாவது, மாட்டிய தோளை இன்னும் எலும்போடு நெருக்கும். முதலாவது, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளைக் கிழிக்கும்.

தாய் என்னிடம் சொன்னது: “ரெண்டு காலையும் மடக்கிப் பிடிச்சாங்க சிஸ்டர். ஒருத்தர் ஸ்டூல் மேல ஏறி வயித்தை அமுக்கினாங்க. எனக்கு மூச்சே வரலை.”

4.08க்குக் குழந்தை பிறந்தது. 4.4 கிலோ. பிறந்ததும் குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, அசைவு எல்லாம் பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 10க்கு 4. மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்த பிறகு ஐந்தாவது நிமிடத்தில் 8.

முதல் ஆறு வாரம்

முதலில் கவனித்தது பாட்டி. துணி சுற்றும்போது குழந்தையின் இடது கை உடம்பை ஒட்டிக் கிடந்தது. முழங்கை நீண்டு, கை உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்தது. விரல்கள் மட்டும் அசைந்தன. தகப்பன் போனில் படம் எடுத்தார், காலை 11.20. எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே அப்போது தெரியாது.

குழந்தை மருத்துவர் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு முறிவு இல்லை. ‘இடது கை அசைவு குறைவு, கவனிக்கவும்’ என்று எழுதினார். குடும்பத்திடம் சொன்னது, “நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கும், ஒரு மாசத்துல தானா சரியாயிடும்.” இதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பிறக்கும்போது இழுபடும் கை நரம்புகள் பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும். ஆனால் தேறுகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்காம் நாள் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடி எப்போது காட்டவேண்டும் என்றும் இல்லை.

ஆறாவது வாரத்தில் தடுப்பூசிக்காக வேறு ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் குழந்தையின் தலையைத் தாங்கி, சட்டென்று கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார். குழந்தை திடுக்கிட்டது, வலது கை விரிந்தது, இடது கை விரியவில்லை. அன்றே நரம்பு அறுவை நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

முதல் முடிவு: சிகிச்சை முன்னால், சண்டை பின்னால்

அந்த வாரம் வீட்டில் பெரிய வாக்குவாதம். தகப்பனுக்கு உடனே போலீஸுக்குப் போகவேண்டும். சித்தப்பாவுக்கு மருத்துவமனையின் பெயரைப் போட்டு வீடியோ வெளியிடவேண்டும். தாய் சொன்னது ஒன்றுதான்: முதலில் கையைப் பார்ப்போம்.

அதுவே நடந்தது, நடந்ததும் நல்லதாகப் போயிற்று. இந்தக் காயத்தில் காலம் முக்கியம். மூன்று மாதம் ஆகியும் முழங்கையை மடக்கும் தசை உயிர் பெறவில்லையென்றால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள்; ரொம்பத் தள்ளிப்போனால் நரம்பு வந்து சேர்வதற்குள் தசை சுருங்கி வீணாகிவிடும். குழந்தைக்கு ஏழாவது வாரத்திலிருந்து பிசியோதெரபி. மூன்றாம் மாதம் தசை அசையவில்லை. ஐந்தரை மாதத்தில் அறுவை சிகிச்சை. கழுத்தின் ஐந்தாம், ஆறாம் நரம்பு வேர்களிலிருந்து வரும் பகுதி கிழிந்து வடுவாகிக் கிடந்தது. காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப்போட்டார்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். பலன் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வீடியோ வெளியிடாமல் விட்டதற்கும் ஒரு பலன் உண்டு. அறுவை நிபுணருக்குப் பிரசவக் குறிப்புகள் தேவைப்பட்டன. அதைச் சொல்லியே தகப்பன் மருத்துவமனையிடம் முழுக் கேஸ் ஷீட்டின் நகலையும் எழுத்து மூலம் கேட்டார். குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. மூன்று வாரத்தில் 143 பக்கம் கைக்கு வந்தது. சண்டை மூண்ட பிறகு கேட்கப்படும் கேஸ் ஷீட்டில் பக்கங்கள் எப்படி மெலியும் என்பதை நான் வேறு வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கதவைத் தட்டுவது

வக்கீலிடம் வந்தபோது குழந்தைக்கு 14 மாதம். அவர் நான்கு வழிகளை எடுத்துச் சொன்னார். மருத்துவமனைக்குள்ளேயே புகார் கொடுத்து விளக்கம் கேட்பது ஒன்று. மருத்துவர்களைப் பதிவுசெய்யும் கவுன்சிலில் முறையிடுவது இன்னொன்று. அது தண்டிக்கலாம், நஷ்டஈடு தராது. மூன்றாவது நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்கு. நான்காவது கிரிமினல் புகார். கடைசியாகச் சொன்னதுதான் கோபத்துக்கு இனிப்பாக இருக்கும், ஆனால் அதில் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அது தோற்றால் அந்தத் தோல்வியைச் சிவில் வழக்கிலும் எதிர்த்தரப்பு தூக்கிப் பிடிக்கும். தகப்பன் அரைமனதோடு அதை விட்டுக்கொடுத்தார்.

சில நாடுகளில் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உதவி கிடைக்கும். நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து நஷ்டஈட்டுத் திட்டம் இருக்கிறது. சிகிச்சையால் வரும் காயமும் அதில் அடங்கும். ஜப்பானில் 2009இல் பிரசவம் தொடர்பான திட்டம் ஒன்று வந்தது, ஆனால் அது மூளை பாதித்து உடம்பின் அசைவு கெடும் பெருமூளை வாதத்துக்கு மட்டும். இந்தக் குழந்தை அங்கே பிறந்திருந்தாலும் கைக்கு அதில் இடம் இருந்திருக்காது. இவர்கள் இருக்கும் இடத்தில் எந்தத் திட்டமும் இல்லை. ஆகவே பழைய வழிதான்: கவனிக்கும் கடமை இருந்தது, அது மீறப்பட்டது, மீறியதால்தான் காயம் வந்தது, அதனால் இவ்வளவு இழப்பு என்று நான்கையும் காட்டவேண்டும். நான்கில் ஒன்று உடைந்தாலும் வழக்கு உடையும்.

காலவரம்பைப் பற்றி வக்கீல் சொன்னது குடும்பத்துக்குப் புதிது. பல நாடுகளில் குழந்தையின் சார்பில் போடும் வழக்குக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. ஆனால் பெற்றோர் தங்களுக்காகக் கேட்கும் தொகைக்குக் காலம் பிரசவ நாளிலிருந்தோ விஷயம் தெரிந்த நாளிலிருந்தோ ஓட ஆரம்பித்துவிடும். தாய்க்கும் அந்தப் பிரசவத்தில் ஆழமான கிழிசல் ஏற்பட்டிருந்தது. அவருடைய கோரிக்கைக்குச் சில மாதங்களே மிச்சம் இருந்தன. ‘குழந்தைக்கு 18 வயது வரை நேரம் இருக்கு’ என்று யாரோ சொன்னதை நம்பி அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கேஸ் ஷீட்டில் மூன்று தாள்

143 பக்கத்தில் முடிவைத் தீர்மானித்தவை மூன்று.

முதலாவது, டாக்டரின் பிரசவக் குறிப்பு. ‘தலை வந்தபின் தோளுக்குச் சிரமம். மெக்ராபர்ட்ஸ், வயிற்று அழுத்தம் கொடுத்து 1-2 நிமிடத்தில் குழந்தை எடுக்கப்பட்டது.’ கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம் 7.30. மூன்றரை மணி நேரம் கழித்து நினைவிலிருந்து எழுதியது என்று எங்கும் குறிப்பிடவில்லை. தலை வந்த நேரம் இல்லை, யார் யார் இருந்தார்கள் என்று இல்லை, எந்தத் தோள் மேல்பக்கம் என்று இல்லை. ‘வயிற்று அழுத்தம்’ என்றால் வயிற்றில் எங்கே? அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடிவயிறு என்றால் சரியான வைத்தியம், மேல்வயிறு என்றால் செய்யக்கூடாதது.

இரண்டாவது, வாக்யூம் படிவம். ஒரு ஜூனியர் நர்ஸ் அங்கேயே நின்று கட்டம் கட்டமாக நிரப்பியது. நீல மை, சின்னச் சின்ன எழுத்து, ஒரு கட்டமும் காலி இல்லை. கப் பொருத்திய நேரம் 3.49. இழுப்பு 3. கப் நழுவியது: இல்லை. கழற்றிய நேரம் 4.02. கழற்றிய காரணம்: தலை வெளிவந்தது. குழந்தை பிறந்தது 4.08 என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால் தலைக்கும் உடம்புக்கும் நடுவே போனது ஒன்றிரண்டு நிமிடம் இல்லை, ஆறு நிமிடம். ஐந்தைத் தாண்டினால் மூச்சுத் திணறி மூளை பாதிக்கும் ஆபத்து ஏறும். இந்தக் குழந்தைக்கு மூளை தப்பியது.

அதே படிவத்தில் தலை இருந்த நிலைக்கு ஒரு கட்டம்: ‘பின்தலை வலது முன்பக்கம்.’ முதல் தடவை அதைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் தடவைதான் உறைத்தது. வீட்டில் ஒரு பொம்மையை எடுத்து மேசையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்தலை தாயின் வலப்பக்கம் என்றால், தலை வெளியே வந்ததும் குழந்தையின் முகம் தாயின் இடது தொடையைப் பார்க்கும். அப்போது மேல்பக்கம், அதாவது எலும்புக்குப் பின்னால் மாட்டியிருப்பது, இடது தோள். காயம் பட்டதும் இடது கை. பின்பக்கத் தோளில் காயம் என்றால் அது வெளியே யாரும் இழுத்ததால் வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்தை இந்த ஒரு கட்டம் அடைத்துவிட்டது.

மூன்றாவது, வார்டு நர்ஸின் குறிப்பு. மறுநாள் காலை 6.10: ‘விலா எலும்புக்குக் கீழே, மேல்வயிற்றில் தொட்டால் வலி. தோல் கன்றியிருக்கிறது. பாராசிட்டமால் கொடுக்கப்பட்டது.’ அதை எழுதியவருக்கு அது ஒரு வலி மாத்திரைக் கணக்கு, அவ்வளவுதான்.

இங்கே நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். முதல் காலவரிசையில் ‘4.03: மேல்வயிற்றில் அழுத்தம்’ என்று நடந்த சம்பவமாகவே எழுதிவிட்டேன். வக்கீல் அதை அப்படியே நோட்டீஸில் சேர்த்தார். பதில் நோட்டீஸில் நறுக்கென்று கேட்டார்கள்: 4.03 என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை. ஸ்டூலில் ஏறி அழுத்துவது சரியான முறைக்கும் தேவைதான், உயரம் போதாவிட்டால் நானே ஏறியிருக்கிறேன். தாய் சொன்னதையும் வார்டு குறிப்பையும் நான் மனதுக்குள் சேர்த்து ஒரு சம்பவம் ஆக்கிவிட்டேன். அடுத்த பிரதியில் ‘தாய் சொல்வது’, ‘வார்டு குறிப்பு சொல்வது’ என்று இரண்டு வரியாகப் பிரித்தேன். தாய் அதைப் படித்துவிட்டு, “நான் பொய் சொல்லலை சிஸ்டர்” என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று நானும் நினைக்கவில்லை. பிரித்து எழுதியதால்தான் அவர் சொன்னது நின்றது.

நிபுணரின் கருத்து

மூன்று மகப்பேறு மருத்துவர்கள் மறுத்த பிறகு நான்காமவர் ஒப்புக்கொண்டார். அவர் அறிக்கையின் முதல் பாதி குடும்பத்துக்குக் கசந்தது.

அவர்களின் ஆத்திரம் முழுக்க ‘ஏன் சிசேரியன் செய்யவில்லை’ என்பதில் இருந்தது. நிபுணரோ அது சட்டப்படி தவறு ஆகாது என்றார். சர்க்கரை உள்ள தாய்க்குக் குழந்தையின் எடை 4.5 கிலோவைத் தொடும் என்று தெரிந்தால் சிசேரியனைப் பற்றிப் பேசு என்பதுதான் பொதுவாக இருக்கும் வழிகாட்டல். இங்கே கணக்கிட்டது 4.1. ஸ்கேன் எடை பத்து சதவீதம் முன்னே பின்னே போவது சகஜம். தோள் சிக்கல்களில் ஏறக்குறைய பாதி 4 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் நேர்கிறது. 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் வந்த அளவுகோல் இன்றும் பல நாட்டு நீதிமன்றங்களில் பேசப்படுகிறது: பொறுப்புள்ள சக மருத்துவர்கள் ஏற்கும் முறையில் நடந்திருந்தால் அது அலட்சியம் இல்லை. 4.1 கிலோவுக்கு நார்மல் பிரசவம் முயற்சி செய்வதை ஏற்கும் மருத்துவர்கள் நிறைய உண்டு.

“அப்ப எங்க மேலதான் தப்பா?” என்று தகப்பன் எழுந்தே விட்டார். வக்கீல் அவரை உட்காரவைத்து, சிசேரியன் செய்யாதது வேறு, சொல்லாதது வேறு என்று விளக்கினார். 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மான்ட்கோமரி வழக்கு கிட்டத்தட்ட இதே கதை. சர்க்கரை உள்ள தாய், பெரிய குழந்தை. தோள் சிக்க 9 முதல் 10 சதவீதம் வாய்ப்பு இருந்தும் டாக்டர் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் சிசேரியன் கேட்டுவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு. 1999இல் பிறந்த அந்தக் குழந்தையின் தலை வந்து உடம்பு வர 12 நிமிடம் ஆனது. பெருமூளை வாதமும் கை நரம்புக் காயமும் மிஞ்சின. எதைச் சொல்லவேண்டும் என்பதை மற்ற மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து அளக்கக்கூடாது, அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண் எதை முக்கியமாக நினைப்பாள் என்பதை வைத்து அளக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கள் வழக்கைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தகப்பன் வாய்விட்டுக் கேட்ட கேள்விக்குக் கேஸ் ஷீட்டில் பதிலே இல்லை என்பதோடு அது பொருந்தி வந்தது.

அறிக்கையின் இரண்டாம் பாதி அந்த ஆறு நிமிடம். ஆள் கூப்பிட்ட பதிவு இல்லை. மெக்ராபர்ட்ஸ் பலிக்காத பிறகு கை உள்ளே விட்டுத் திருப்பியதாகவோ பின்பக்கக் கையை எடுத்ததாகவோ ஒரு வரி இல்லை. அடுத்த கட்டத்துக்குப் போகாமல் ஆறு நிமிடம் என்றால், இழுப்பதும் தள்ளுவதும்தான் நடந்திருக்க வேண்டும் என்றார். குடும்பம் கண்டுகொள்ளாத இடமே வழக்கின் பலமாக மாறியது.

எதிர்த்தரப்பு சொன்னது

மருத்துவமனையின் நிபுணர் சொன்ன முதல் காரணம், யாரும் இழுக்காமலே கருப்பையின் விசையாலும் தாய் முக்குவதாலும் இந்த நரம்பு கிழியலாம் என்பது. இது கட்டுக்கதை இல்லை. மருத்துவத்தில் ஏற்கப்பட்ட விஷயம்தான். எங்கள் நிபுணரும் அதை மறுக்கவில்லை. “இழுத்ததுதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. மேல்பக்கத் தோள், ஆறு நிமிடம், நரம்பு முழுதாகக் கிழிந்தது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கே வாய்ப்பு அதிகம்” என்று எழுதினார். சிவில் வழக்குக்கு அது போதும். நூறு என்று அடித்துச் சொல்லியிருந்தால் குறுக்கு விசாரணையில் பிய்த்து எறிந்திருப்பார்கள்.

தாய் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தையும் காட்டினார்கள். அச்சடித்த பொதுப் படிவம். ‘பிரசவத்தின் ஆபத்துகள் விளக்கப்பட்டன’ என்று இருந்தது; எந்த ஆபத்து என்று இல்லை. 4.02இல் கப் தானாகக் கழன்றுவிட்டது, தலை வந்தது 4.06க்குத்தான் என்றும் ஒரு வாதம் வைத்துப் பார்த்தார்கள். ‘நழுவியது: இல்லை’ என்ற கட்டத்தைக் காட்டியதும் அதை அவர்களே விட்டுவிட்டார்கள்.

முடிவு

நோட்டீஸ் போன நாளிலிருந்து மூன்று வருடம் இரண்டு மாதம் கழித்து, விசாரணை தொடங்கும் முன்பே சமரசப் பேச்சில் முடிந்தது. தொகையை வெளியிடக்கூடாது என்பது நிபந்தனை. கேட்டதைவிடக் குறைவு, தகப்பன் எதிர்பார்த்ததைவிட அதிகம். வழக்கை நடத்தினால் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம், தோற்றால் அடுத்த அறுவை சிகிச்சைக்குக் கையில் ஒன்றும் இருக்காது என்பதால் ஏற்றுக்கொண்டார்கள். மைனர் என்பதால் ஒப்பந்தத்தை நீதிமன்றம் பார்த்து ஒப்புதல் தந்தது. பெரும் பங்கு குழந்தையின் பெயரில் பூட்டி வைக்கப்பட்டு, சிகிச்சைக்கும் படிப்புக்கும் மட்டும் எடுக்கும்படி ஏற்பாடு.

மருத்துவமனை தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. தோள் சிக்கலுக்கென்று தனிப் படிவமும், மணி பார்த்து எழுத ஓர் ஆளும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மை வைத்துப் பயிற்சியும் தொடங்கியதாக அதில் இருந்தது. கவுன்சிலில் தாய் தனியாகக் கொடுத்த புகாரில், பதிவேடு சரியாக எழுதாததற்காக மட்டும் டாக்டருக்கு எச்சரிக்கை கிடைத்தது.

இன்று செய்வதானால்

கேஸ் ஷீட்டைக் கேட்ட அதே கடிதத்தில் குழந்தையின் இதயத்துடிப்புக் காகிதச் சுருளையும் அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் இருப்பதையும் கேட்கச் சொல்வேன். எங்களுக்கு வந்த சுருள் 3.55இல் அறுந்திருந்தது. மிச்சத்தைக் கேட்டபோது இயந்திரத்தையே மாற்றிவிட்டதாகப் பதில் வந்தது. கணினியில் யார் எப்போது எதை எழுதினார், எதைத் திருத்தினார் என்ற பதிவையும் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

தகப்பனிடமும் தாயிடமும் பாட்டியிடமும் தனித்தனியாக, முதல் மாதத்திலேயே நினைவில் இருப்பதை எழுதி வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் எழுதி வாங்கியபோது ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, மூவரும் அதற்குள் நூறு தடவை பேசிப் பேசி ஒரே கதை ஆக்கிவிட்டார்கள். அந்த 11.20 படம் மட்டும் மாறவில்லை.

வக்கீலைப் பார்க்க 14 மாதம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும்போதே ஒருமுறை போய்க் காலவரம்பை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். பிசியோதெரபி, பயணம், வேலைக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றுக்குத் தாய் ஒரு நோட்டில் கணக்கு வைத்திருந்தார். அதை அவர் ஏழாவது மாதத்தில்தான் ஆரம்பித்தார். முன்னால் செலவானதற்கு ரசீது இல்லாமல் பாதி போயிற்று.

குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. இடது கையால் வாய்க்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள், பென்சிலைப் பிடித்துக்கொள்கிறாள். தோளுக்கு மேல் கை போகாது. தலை பின்னும்போது அம்மாதான் பின்ன வேண்டும். அடுத்த வருடம் தோளில் ஒரு தசையை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ஸ்டூலில் ஏறி நின்றது யார் என்று தாய் சமரச மேசையில் கேட்டார். அன்று பணியில் இருந்தவர்களின் பட்டியலில் நான்கு பெயர் இருந்தது. நான்கு பேரும் தாங்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.